இரவல் குலசாமி

அரியலூரில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் யாரும் சாதி கேட்க மாட்டார்கள். அது அநாகரிகம். எந்த ஊர் என்று கேட்பார்கள். சொன்னால் எந்தத் தெரு என்பார்கள். அதிலும் தப்பித்துவிட்டால், "குலசாமி எது?" என்பார்கள். மூன்றே கேள்விதான். நானும் அம்மாவும் அதுவரை நான்கு வீடுகளில் தோற்றிருந்தோம்.

ஐந்தாவது வீடு பெரியசாமியுடையது. சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாடியில் ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, தனிப் படிக்கட்டு. அம்மா வேலை பார்க்கும் ஜவுளிக்கடைக்கு நடந்தே போய்விடலாம். நான் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கும் கல்லூரி பெரம்பலூரில். பஸ்ஸில் ஒரு மணி நேரம்.

"ஊரு எது தம்பி?"

"தா.பழூர் பக்கங்க."

"எந்தத் தெரு?"

"மேலத்தெருங்க."

எங்களுடையது காலனி. ஊருக்குக் கிழக்கே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். மேலத்தெருவுக்குள் நான் செருப்போடு போனதில்லை.

"குலசாமி?"

இதற்கு நான் தயாராக வரவில்லை. அன்று காலை எங்கள் பஸ் முக்கால் மணி நேரம் ஒரு சுண்ணாம்புக்கல் டிப்பர் லாரிக்குப் பின்னாலேயே ஊர்ந்திருந்தது. அதன் முதுகில் சிவப்பு எழுத்தில் ஒரு பெயர் எழுதியிருந்தது. வாய் அதைச் சொல்லிவிட்டது.

"ஓடைக்கரைச் செல்லாயிங்க."

பெரியசாமி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "செல்வம்மா! ஏ செல்வம்மா! இங்க வாடி. நம்ம பங்காளி வூட்டுப் புள்ள வந்திருக்கு!"

அந்த லாரி அவருடைய அண்ணன் மகன் வீரமணியுடையது.

ஒரே குலசாமியைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். ரத்தம் ஒன்று என்று அர்த்தம். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் தெருவில் நின்றிருந்த நான், இப்போது அவருக்கு மகன் முறை. செல்வம்மாள் எனக்குச் சின்னம்மா. சாவியைப் பெரியசாமியே கொண்டுவந்து கையில் வைத்தார். சாவி சில்லென்று இருந்தது.

விஷயத்தைக் கேட்டு அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"வேற சாமியே கெடைக்கலயாடா ஒனக்கு? முருகன்னு சொல்லித் தொலைக்கறது."

"முருகன் எல்லாருக்கும் பொதும்மா. அவர வச்சு ஒண்ணும் கண்டுபுடிக்க முடியாது."

"அதத்தான் நானும் சொல்றேன்."

ஆனாலும் குடியேறினோம். அம்மா முதல் வேலையாக, எப்போதும் போல, ரேஷன் கார்டு, என் சான்றிதழ்கள், சாதிச் சான்று எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, மஞ்சள் பையில் வைத்து, வாயைச் சணலால் கட்டித் தலைமாட்டில் வைத்தாள். பக்கத்தில் செருப்பு, வாசலைப் பார்த்தபடி. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் அப்படித்தான் படுப்பாள். சில அம்மாக்கள் வெற்றிலை போடுவார்கள், சில அம்மாக்கள் சீரியல் பார்ப்பார்கள், என் அம்மா செருப்பைத் திருப்பி வைப்பாள் என்று நான் அதற்குமேல் யோசித்ததில்லை. வாசலில் இரண்டு மோட்டார் சைக்கிள் சேர்ந்து வந்து நின்றால் சமையலை அப்படியே விட்டுவிட்டு விளக்கை அணைத்துவிடுவாள். பகலிலும் அணைப்பாள்.

அந்த ஆண்டு எங்கள் துறையில் ஆய்வேட்டுத் தலைப்புகளைச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார்கள். என் வகுப்புத் தோழன் முத்தமிழ்செல்வனுக்குக் கடல் கவிதைகள் வந்தது. அவன் கடலைப் பார்த்ததே இல்லை. ஒரே வாரத்தில் நாற்பது பக்கம் எழுதிவிட்டான். எனக்கு வந்த சீட்டில் "ஹங்கேரியத் தன்வரலாறுகளில் யூத அடையாளமும் உயிர்தப்பியோரின் மனக்காயமும்" என்று இருந்தது. சீட்டில் இடம் போதாமல் பின்பக்கமும் எழுதியிருந்தார்கள்.

"மாத்திக்கலாமா மேடம்?" என்று கேட்டேன்.

"பயமா இருக்கா?" என்றார் வழிகாட்டி ஜெயசுதா மேடம்.

"ஹங்கேரி எங்க இருக்குன்னே தெரியாது மேடம்."

"அவங்களுக்கும்தான் அரியலூர் தெரியாது. படிங்க அறிவழகன்."

ஒரு புத்தகத்தின் நகலைக் கொடுத்தார். எழுதியவர் ஒரு வயதான அம்மாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்கில் அவருக்கு ஒன்பது வயது. புடாபெஸ்டில் யூதர்களைத் தெருத் தெருவாக வளைத்துக் கூட்டிப்போய்க்கொண்டிருக்கிறார்கள். அவருடைய தாய் மகளுக்கு ஒரு கத்தோலிக்கச் சிறுமியின் பெயரில் பொய்ப் பத்திரம் வாங்குகிறாள். கிழக்கே ஏதோ ஊரிலிருந்து அகதியாக வந்த பிள்ளை என்று பத்திரம் சொல்கிறது. அந்த ஊரை ரஷ்யப் படை ஏற்கெனவே பிடித்துவிட்டது. அதனால் யாரும் அங்கே போய் விசாரிக்க முடியாது.

இதைப் படித்தபோது என்மீதே எனக்கு வெறுப்பு வந்தது. ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் போய் விசாரிக்க முடியாத ஊராகப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். நான் மினிபஸ்ஸில் அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய சாமியை எடுத்திருக்கிறேன்.

தை மாதம் மூன்றாம் வாரம் பெரியசாமி மாடிக்கு ஏறி வந்தார். வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"தை கடைசி ஞாயிறு செல்லாயிக்குப் பொங்கல். பங்காளிங்க எல்லாம் வருவாங்க. வேன் சொல்லிட்டேன். நீயும் ஒங்கம்மாவும் வர்றீங்க."

"எனக்கு ஆய்வேடு இருக்குங்க சித்தப்பா."

"அட, ஒருநாள்ல என்ன ஆயிரும்? தலைக்கட்டு நோட்டுல ஒம்பேர ஏத்தணும்ல. அமிர்தலிங்கம் பெரியப்பா இன்னும் இருக்காரு. அவருக்குத் தெரியாத வகையறா கெடையாது. ஒங்க தாத்தன் பேரச் சொன்னா ஏழு தலைமுறைய ஒப்பிச்சிருவாரு."

தலைக்கட்டு நோட்டு என்பது அந்தச் சாமிக்கு உரிமையுள்ள குடும்பங்களின் பட்டியல். அதில் இல்லாதவன் அந்த இடத்தில் அடுப்பு மூட்டக் கூடாது. எங்களைப் போன்றவர்கள் மூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நோட்டுத் தேவையில்லை. வீடு போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். கண்டுபிடித்தவர்கள் வீட்டைக் காலி செய்யச் சொல்வதோடு நிறுத்துவார்களா என்பதுதான் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊரைவிட்டே போய்விடலாம் என்றேன். அம்மா மறுத்தாள்.

"ஓடுனா ஏன் ஓடுனான்னு கேப்பாங்க. எனக்குக் காச்சல்னு சொல்லிப்புட்டு நீ மட்டும் போயிட்டு வா."

செல்வம்மாள் அதற்கும் வழி வைக்கவில்லை. "பொம்பள இல்லாத தலைக்கட்டு பானை வைக்கக் கூடாதுக்கா. காச்சல்னா மாத்திரயப் போட்டுக்கிட்டு வா. வேன்ல சாஞ்சுக்க."

வேறு வழியில்லாமல் அந்தப் புத்தகத்தையே கையேடாக எடுத்துக்கொண்டேன். எம்.ஏ. பாடத்தை வாழ்க்கையில் பயன்படுத்திய ஆள் எங்கள் கல்லூரியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சாயங்காலம் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தபோது அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். தாய் அந்தப் பிள்ளையை ஒளித்துவைக்கச் சொல்லி விட்டுப்போன தையல்காரி வீட்டுக்கு ஒருநாள் ஒரு பெண் வருகிறாள். பத்திரத்தில் இருக்கும் அதே ஊர்க்காரி. "அட, நீ எங்க ஊரா? இப்ப எந்தச் சாமியார் பூசை வைக்கிறார்?" என்று கேட்கிறாள். பிள்ளை யோசிக்காமல், "பழையவர் செத்துப்போனார், புதுசா வந்தவர் பேர் என் வாயில் நுழையவில்லை" என்கிறது. வந்தவள் சிரிக்கிறாள். நம்பிச் சிரித்தாளா, புரிந்து சிரித்தாளா என்று எழுபது வயதிலும் தெரியவில்லை என்று அந்த அம்மாள் எழுதியிருந்தார்.

"போர் முடிஞ்ச பெறகும் அந்தப் பொய்ப் பேருலயேதாம்மா இருந்திருக்காங்க. பெத்த புள்ளகிட்டகூட ரொம்ப நாள் சொல்லல."

அம்மா மடிப்பதை நிறுத்தியிருந்தாள்.

"அந்தப் புள்ளய விட்டுட்டுப் போனாளே அவங்கம்மா, போறப்ப அவ கால்ல செருப்பு இருந்துச்சா?"

"அதெல்லாம் போடலம்மா."

"போட்டிருப்பாங்க. நல்லாப் பாரு."

நல்லாப் பார்த்தேன். தாயைப் பிடித்த அன்று காலையில், யூதர்களை அடைத்துவைக்கும் செங்கல் சூளைக்கு ஆட்களை நடத்திக்கொண்டு போனார்கள், அவள் வீட்டுச் செருப்போடு போனாள், அவளுக்கு நல்ல காலணி இருந்தது, எடுக்க விடவில்லை என்று ஒரு வரி இருந்தது. நான் அதைத் தாண்டிப் போயிருந்தேன். அம்மாவிடம் சொன்னதும் தலையாட்டினாள். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கெல்லாம் வேன் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கோயில் என்றால் கோபுரமெல்லாம் இல்லை. வறண்ட ஓடை, ஒரு வேப்பமரம், மஞ்சள் பூசிய மூன்று கல், தகரக் கூரை. சுற்றி அறுவடைக்கு நிற்கும் மக்காச்சோளம், ஆள் உயரத்துக்கு மேலே. தார்ச்சாலை இரண்டு கிலோமீட்டர் தள்ளி. வேன் திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஆண்கள் மரத்தடியில் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் கொஞ்சம் தள்ளி வரிசையாக அடுப்பு மூட்டியிருந்தார்கள். அம்மாவின் பானை ஏழாவது. அமிர்தலிங்கத்துக்கு எண்பது இருக்கும். மடியில் நீளமான நோட்டு.

"எந்த வகையறா தம்பி நீ?"

முப்பது பேர் என்னைப் பார்த்தார்கள். அந்த ஒன்பது வயதுப் பிள்ளையை நினைத்துக்கொண்டேன்.

"எங்கப்பா நான் கைப்புள்ளயா இருக்கறப்பவே போயிட்டாருங்க. அவங்கப்பா பொழைக்கறதுக்குத் தா.பழூர் பக்கம் போனவரு. வகையறா சொல்லித்தர ஆளில்லாமப் போச்சுங்க."

கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"சின்னான் வகையறாவுல செல்லக்கண்ணுன்னு ஒருத்தன். அண்ணங்கூடக் கோவிச்சுக்கிட்டுத் தா.பழூரு போனான். திரும்பி வரவே இல்ல. அவன் பேரனா நீ?"

"ஆமாங்க" என்றேன்.

"அதே நெத்தி" என்றார் கிழவர். பெரியசாமி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீரமணி என் தோளில் கைபோட்டு, "அப்ப நீ எனக்குத் தம்பிடா" என்றான். நோட்டில் என் பெயரை எழுதினார்கள். யாரோ ஒரு செல்லக்கண்ணுவின் கோபத்தால் நான் பிழைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்பாவின் வழியை மட்டும்தான் யோசித்திருந்தேன். தாத்தா, கொள்ளுத்தாத்தா, பிழைக்கப் போன ஊர், போன காரணம் எல்லாம் மனப்பாடம். அம்மாவுக்கு ஒரு பிறந்த வீடு உண்டு என்பதும், பெண்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள் என்பதும் என் மண்டையில் ஏறவே இல்லை.

அடுப்புப் பக்கம் அமிர்தலிங்கத்தின் மருமகள் கிருஷ்ணம்மாள் அம்மாவுக்கு ஓலை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"பொறந்த வூடு எது யக்கா?"

அம்மா ஊர்ப் பெயரைச் சொன்னாள். நிஜப் பெயரை. குன்னத்துக்கு மேற்கே இருக்கும் ஓர் ஊர். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

"அட, எங்க தங்கச்சிய அங்கதான் குடுத்திருக்கு. எந்தத் தெரு?"

நான் எழுந்துவிட்டேன். அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண்ணால் கெஞ்சினேன். மேலத்தெரு என்று உதட்டை அசைத்தும் காட்டினேன். அவள் அதைப் பார்த்தாள். நிச்சயமாகப் பார்த்தாள்.

"எரிஞ்ச தெரு" என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. விலை கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். அந்த வட்டாரத்தில் எரிந்த தெரு ஒன்றுதான், ஊர்க்காரர்கள் கொளுத்திய காலனி. கிருஷ்ணம்மாளின் கை ஓலையோடு அப்படியே நின்றது. பக்கத்து அடுப்புக்காரி தன் பானையைத் தூக்கி, இன்னும் பொங்காத பானையை, தள்ளி வைத்தாள். அடுத்தவளும் வைத்தாள். மரத்தடியில் பேச்சு நின்றது. என் தோளில் இருந்த கை எப்போது எடுக்கப்பட்டது என்று தெரியவில்லை.

"இல்ல, அவங்க ஏதோ..." என்று ஆரம்பித்த பெரியசாமி என்னைப் பார்த்தார். "தம்பி?"

அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. கோபத்துக்கு முன்னால் அதில் வேறு ஏதோ இருந்தது. அதை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

நான் போய் அம்மாவின் கையைப் பிடித்தேன். இருவரும் நடந்தோம். யாரும் தடுக்கவில்லை. "நோட்டக் குடு" என்று கிழவரின் குரல் கேட்டது. நான் ஓடப் பார்த்தேன். அம்மா ஓடவில்லை. ஜவுளிக்கடையில் கணுக்கால் வீங்க நிற்கிறவள் நடக்கிற நடையிலேயே நடந்தாள்.

பாதி வழியில் பின்னால் மோட்டார் சைக்கிள் உதைக்கும் சத்தம் கேட்டது. ஒன்று. பிறகு இன்னொன்று.

"அம்மா, சோளக்காட்டுக்குள்ள பூந்துருவோம் வா."

"நீ போ."

"அம்மா!"

அவள் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். "ஒருவாட்டி பூந்தாச்சு. ஒம்பது வயசு எனக்கு. தம்பி கைப்புள்ள. அவன் அழுவக் கூடாதுன்னு வாயப் பொத்திக்கிட்டு ஒரு பகல் பூராக் கெடந்தேன். செருப்பு இல்ல. சோளத்தட்ட குத்தி கால் பூரா ரத்தம். அங்கேருந்து பாத்தா வூடு எரியறது தெரியுது. சாயங்காலம் கையெடுத்தா அவன் அழுவல. பேச்சு மூச்சில்ல. அப்பறம் முழிச்சுக்கிட்டான், வையி. ஒங்க சக்தி மாமா. அவனுக்கு இன்னைக்கு வரைக்கும் இது தெரியாது."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"எத சொல்றது?"

"இப்ப மட்டும் ஏன் சொன்ன? அங்க, அத்தன பேருக்கு நடுவுல?"

"தெரியலடா. அவ கேட்டா. நாப்பது வருசத்துல யாரும் அந்தத் தெருவக் கேட்டதில்ல."

வண்டிச் சத்தம் வளைவுக்கு வந்துவிட்டது. நான் ஒரு காலைச் சோளக்காட்டுக்குள் வைத்துக்கொண்டு, ஒரு காலை வரப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். இது வீரம் என்றும் ஆகாது, புத்திசாலித்தனம் என்றும் ஆகாது. என் கால் அதற்குமேல் எந்தப் பக்கமும் வரவில்லை, அவ்வளவுதான்.

வந்தது வீரமணி. பின்னால் வந்த வண்டியில் எனக்குத் தெரியாத இரண்டு பேர். வீரமணி வண்டியை அணைக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் ஹேண்டில்பாரைப் பார்த்துப் பேசினான்.

"சித்தப்பா காலி பண்ணச் சொல்லிட்டாரு. இன்னைக்கே. பொழுது சாயறதுக்குள்ள."

"சரிண்ணே."

"அண்ணேங்காத."

பின் வண்டியில் இருந்த ஒருவன், "எந்தச் சாமியத் தொட்டுருக்கானுவ பாரு. அப்படியே வுட்டுட்டுப் போவச் சொல்றியா?" என்றான்.

"சும்மா இருடா" என்றான் வீரமணி. பிறகு என்னிடம், இன்னும் தணிந்த குரலில், "மெயின்ரோட்டுல நிக்காதீங்க. வர்ற பஸ்ல ஏறிருங்க. இவனுங்கள நான் எவ்ளோ நேரம் புடிச்சு வச்சிருக்க முடியும்னு தெரியாது" என்றான்.

உதவியா மிரட்டலா என்று புரியவில்லை. இரண்டு வண்டியும் திரும்பின. பஸ் வர இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடமும் நாங்கள் ஒரு புளியமரத்துக்குப் பின்னால் நின்றோம். ஒவ்வொரு வண்டிக்கும் நான் அம்மாவை இடித்துக்கொண்டே இருந்தேன். அவளை மறைப்பதற்காகவும் இருக்கலாம், அவளுக்குப் பின்னால் ஒளிவதற்காகவும் இருக்கலாம்.

அரியலூரில் சாமான் கட்ட ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மஞ்சள் பை ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. பெரம்பலூரில் முத்தமிழ்செல்வன் தன் அறையில் இரண்டு நாள் இடம் தருவதாகச் சொன்னான். ஏன் என்று கேட்டான். அப்புறம் சொல்கிறேன் என்றேன். சரக்கு ஆட்டோ வந்து நின்றது.

கடைசியாக அம்மா ஒரு தூக்குவாளியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள். முந்தின நாள் செல்வம்மாள் பொரிவிளங்காய் உருண்டை போட்டுக் கொடுத்தது. கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. செல்வம்மாள் கோயிலுக்குக் கட்டியிருந்த புடவையோடேயே வாசலில் நின்றிருந்தாள். அழுதிருந்தாள்.

"இந்தாங்க, ஒங்க தூக்கு."

செல்வம்மாளின் கை பழக்கத்தில் கொஞ்சம் நீண்டது. பிறகு பின்வாங்கிப் புடவைத் தலைப்புக்குள் போய்விட்டது.

"இருக்கட்டும்க்கா. நீங்களே வச்சுக்குங்க."

குரல் தன்மையாகத்தான் இருந்தது. அக்கா என்றுகூடச் சொன்னாள்.

அம்மா தூக்குவாளியைப் பார்த்தாள், செல்வம்மாளைப் பார்த்தாள். பிறகு அதைக் கடைசிப் படியின் நடுவில், கீழிருந்து யார் மேலே போனாலும் தாண்டித்தான் போக வேண்டும் என்கிற இடத்தில் வைத்தாள்.

"ஒங்க பொருள் எனக்கு எதுக்கு?" என்றாள்.

ஆட்டோ கிளம்பியது. முனை திரும்பும்வரை பார்த்தேன். செல்வம்மாள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள், குனியவில்லை. பிறகு பெரம்பலூர் வரும்வரை பின்னால் வருகிற வண்டிகளை மட்டும் எண்ணிக்கொண்டு வந்தேன்.